ஊட்டி, கொடைக்கானல் வீட்டுக்கு உள் பெயிண்ட்: சென்னைக் கணக்கு அங்கே செல்லாது

அண்ணா நகரிலோ மேடவாக்கத்திலோ குடியிருந்துகொண்டு மலையில் ஒரு வீடு வைத்திருப்பவர்களுக்கும், அந்த வேலைக்காக இங்கிருந்து வண்டியேறும் பெயிண்டர்களுக்கும் இந்தக் குறிப்பு. சென்னையில் பாதி வேலையை வெயில் செய்துவிடுகிறது. காலையில் ஒரு கோட், மதியம் ஒரு கோட் என்று ஓட்டினாலும் பெரிதாகக் கெடாது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலோ, 2,100 மீட்டரில் இருக்கும் கொடைக்கானலிலோ அதே வேகத்தில் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் பெயிண்ட் அப்பளம் மாதிரி எழுந்து நிற்கும். அங்கே வேலையின் வரிசையைத் தீர்மானிப்பது ஈரம். நிறம், பிராண்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இணையத்தில் ‘உயரமான இடங்களில் பெயிண்டிங்’ என்று தேடினால் வரும் யோசனைகளில் பல, லடாக் போன்ற வறண்ட மலைகளுக்குப் பொருந்துபவை. அங்கே காற்று காய்ந்திருப்பதால் பெயிண்ட் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். தண்ணீரைக் கொஞ்சம் கூட்டு, காய்வதை மெதுவாக்கு என்பார்கள். நீலகிரியிலும், கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரிலும் வருடத்தில் பெரும்பகுதி நிலைமை நேர்எதிர். அதை அப்படியே பின்பற்றினால் சுவர் காயவே காயாது.

1. மாதத்தை முதலில் முடிவுசெய்யுங்கள்

பிப்ரவரியும் மார்ச்சும்தான் சரியான காலம். தமிழ்க் கணக்கில் ஏறத்தாழ மாசி, பங்குனி. மழை குறைவு, பகல் வெயில் தெளிவு, சுவர் உள்வரை காய்ந்திருக்கும்.

சென்னையில் தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடிக்கும் பழக்கத்தை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும்; கொடைக்கானலுக்கு அதுதான் பெருமழைக் காலம். ஊட்டிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் சேர்த்தி. பொங்கலை ஒட்டிச் செய்யலாமே என்றால், டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு உறைபனி விழும். பகலில் அடித்த கோட் இரவில் கெடும்.

மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு போகும்போது வேலையையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். கோடைமழை, கூட்டம், ஆள் கிடைக்காமை மூன்றும் சேர்ந்துகொள்ளும். எந்த மாதம் போனாலும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. பொருள் ஏற்றிய வண்டியோடு சோதனைச்சாவடியில் நிற்காமல் முன்பே எடுத்துவையுங்கள்.

நாள் கணக்கு: சென்னையில் 5 நாளில் முடியும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அங்கே 10 முதல் 12 நாள் ஒதுக்குங்கள். கூலி பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். ஐந்து நாளுக்குப் பேசிக் கூட்டிப்போன ஆள் கடைசி இரண்டு கோட்டையும் ஒரே நாளில்தான் அடிப்பார்; அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

2. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

வேலைக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான். சுவர் ஈரமாக இருக்கிறது என்பது போதாது. உள்ளேயிருந்து கசிகிறதா, அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் வேர்க்கிறதா என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சமையலறை அலுமினியத் தாளை ஓரடிச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி நின்றால் வேர்வை. தாளைப் பிரிக்கும்போது சுவர்ப் பக்கம் ஈரமாக இருந்தால் கசிவு. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டும்தான். மலைவீடுகளில் அது அபூர்வமில்லை. ஒரே இடத்தில் சோதித்து நிறுத்தாதீர்கள். வெயில் படாத வடக்குச் சுவர், அலமாரிக்குப் பின்புறம், ஜன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து ஓரடி உயரம் ஆகிய நான்கு இடங்களிலாவது ஒட்டுங்கள்.

கசிவு என்றால் பெயிண்ட் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே போங்கள். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு பக்கச் சுவர் மண்ணை அணைத்தபடி நிற்கும். மழைநீர் அந்த மண்ணில் தங்கிச் சுவர் வழியாக உள்ளே வரும். வீட்டுக்குள் எத்தனை அடுக்கு வாட்டர்ப்ரூஃப் பூசினாலும், மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் இன்னொரு இடத்தில் உடைத்துக்கொண்டு வரும். சுவரோரமாகக் கால்வாய் வெட்டி, சரளைக்கல் நிரப்பி, சரிவு கொடுத்துத் தண்ணீரை ஓட விடுவதுதான் வழி. ஓட்டுக் கூரையில் நகர்ந்த ஓடு, தகரத்தில் ஆணி ஓட்டை, இலை அடைத்த மழைநீர்த் தூம்பு எல்லாவற்றையும் அதே பயணத்தில் பார்த்துவிடுங்கள்.

வேர்வை என்றால் காரணம் மூடிக்கிடக்கும் வீடு. குளியலறைக் கதவு, சமையலறைப் புகைபோக்கி, ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவது ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். சுவரை ஒட்டிய அலமாரியை இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டாலே பின்சுவர்ப் பூஞ்சை பாதி குறையும்.

பழுது முடிந்த பிறகு இன்னொரு சோதனை: ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பாலிதீன் தாளைச் சுவரில் காற்றுப்புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். உள்ளே பனித்திருந்தாலோ சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் அடிக்கக் கூடாது. புதிதாகப் பூசிய சிமென்ட் பூச்சுக்கு 28 நாள் என்பது சமவெளிக் கணக்கு. குளிரில் சிமென்ட் இறுகுவதும் நீர் வெளியேறுவதும் மெதுவாகும் என்பதால் ஆறு முதல் எட்டு வாரம் விட்டு, இந்தச் சோதனையையும் செய்துவிட்டே தொடங்குங்கள்.

3. சுவர் சிமென்டா, சுண்ணாம்பா?

பழைய பங்களாக்களில் இதைப் பார்க்காமல் பட்டியில் (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) கைவைப்பதுதான் மிகச் செலவான தவறு. கண்ணில் படாத மூலையில் ஓர் ஆணியால் கீறுங்கள். சாம்பல் நிறத்தில், ஆணி வழுக்கினால் சிமென்ட். வெளுத்த தூளாக, மெத்தென்று உதிர்ந்தால் சுண்ணாம்பு. சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனமாக இருந்தால் சுண்ணாம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் வழவழப்பான பிளாஸ்டிக் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அடித்தால் வாய் கட்டியது போலாகும். ஈரம் பெயிண்டுக்குப் பின்னால் தேங்கி, பூச்சையே கூட்டிக்கொண்டு விழும். வெள்ளை சிமென்ட் பட்டியும் அந்தச் சுவருக்கு மிகக் கடினம். தகடு தகடாகக் கழன்றுவிடும்.

இத்தகைய சுவரில் ஓட்டைகளை ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்த காரையால் அடையுங்கள். மேலே சுண்ணாம்பையே, சுவரை லேசாக நனைத்துவிட்டு, பால் பதத்தில் மூன்று மெல்லிய கோட்டாக அடியுங்கள். நிறம் வேண்டுமென்றால் சுண்ணாம்புக்கு ஒத்துவரும் காவி, மஞ்சள் மண் வகை நிறப்பொடி சேர்க்கலாம். சென்னை ஃபிளாட் சுவர் மாதிரி மொழுமொழுவென்று இருக்காது. ஆனால் அந்த வீட்டுக்கு அதுதான் பொருத்தம்.

கீழே வருவதெல்லாம் சிமென்ட் பூச்சுச் சுவருக்கு.

4. பொருளும் அளவும்

12-க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்று வையுங்கள். நான்கு சுவரும் 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, நாலுக்கு நாலு அளவில் இரண்டு ஜன்னலுக்கு 32 கழித்தால் 387. மேல்தளம் தனியாக 120.

பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 100 சதுர அடி வரும். சுவருக்கு 4 லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று கணக்கிட்டால் ஆறரை லிட்டர். முழுச் சுவருக்கும் பட்டி பார்த்தால், இரண்டு கோட்டுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 சதுர அடி. 20 முதல் 26 கிலோ ஆகும். டப்பாவில் போட்டிருக்கும் பரப்பு வழவழப்பான சுவருக்கானது. மலைவீட்டுச் சுவர் அதிகம் குடிக்கும் என்பதால் பத்து சதவீதம் கூட வாங்குங்கள். நடுவில் தீர்ந்தால் அதே நிறம் அதே சாயலில் கிடைப்பது நிச்சயமில்லை.

வாங்க வேண்டியவை: வெள்ளை சிமென்ட் பட்டி (ஈரத்தில் இளகும் அக்ரிலிக் பட்டி வேண்டாம்), காரம் தாங்கும் நீர்வகைப் பிரைமர், பூஞ்சை எதிர்ப்புச் சேர்த்த எமல்ஷன். டிஸ்டம்பர் வாங்காதீர்கள், ஒரே மழைக்காலத்தில் கையில் ஒட்டும். பெயிண்ட் தவிர இரண்டு சின்னக் கருவிகள்: அறையின் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் டிஜிட்டல் மீட்டர், சுவரின் வெப்பம் காட்டும் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நீட்டியது வீட்டில் கிடந்தால், பொருள்களின் வெப்பம் காட்டும் வசதி அதில் உண்டா என்று பாருங்கள். உடல் வெப்பம் மட்டும் காட்டுவது இதற்கு உதவாது.

நிறத்தைச் சென்னைக் கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். மூடுபனி வெளிச்சம் நீலம் பாரித்தது. இங்கே இதமாகத் தெரியும் சாம்பல் அங்கே சிறைச்சாலையாகிவிடும். சிறு மாதிரி டப்பாவை எடுத்துப்போய், சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்து, காலையும் மூடுபனி இறங்கிய பிறகும் பாருங்கள்.

எடுத்துப்போகும்போது: 2,200 மீட்டரில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். இங்கே அடைத்த டப்பா அங்கே உப்பிக்கொள்ளும். மூடியைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பித் திறங்கள். ஒரே பக்கம் நெம்பினால் முகத்தில் தெறிக்கும். தின்னர் டப்பாவை நிமிர்த்தி, ஆட்கள் உட்காராத பகுதியில் வையுங்கள். கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ வாங்கினால் தூரமாவது குறையும்.

5. சுரண்டலும் பூஞ்சையும்

உப்புப் பூத்திருந்தால் முதலில் காய்ந்த பிரஷால் தட்டி, தூளை அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும்.

கரும்புள்ளியாகப் படர்ந்திருப்பது பூஞ்சை. அதைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், வித்து வீடெங்கும் பரவும். வீட்டு உபயோக பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துப் பூசுங்கள். 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இதோடு ஆசிடையோ பாத்ரூம் கிளீனரையோ சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும். கழுவிய சுவர் காய மூன்று நாளாவது விடுங்கள். பூஞ்சையைக் கொல்லாமல் மேலே அடித்த பெயிண்டை அது ஆறே மாதத்தில் துளைத்துக்கொண்டு வரும்.

பழைய மரவேலையில் பல அடுக்கு எனாமல் (எண்ணெய் வகைப் பெயிண்ட்) இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எரித்து உரிப்பதோ காய்ந்த உப்புத்தாள் போடுவதோ வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சகதியைத் துணியில் வழித்தெடுங்கள். குழந்தைகள் அந்த நாட்களில் அங்கே இருக்கக் கூடாது.

6. எந்த மணிக்கு அடிப்பது

பட்டி முதல் கடைசிக் கோட் வரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நீர்வகை எமல்ஷனில் இருக்கும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று இளகிச் சேர்ந்தால்தான் படலமாகும். அதற்குக் குறைந்தபட்ச வெப்பம் தேவை. பெரும்பாலான எமல்ஷன்களுக்கு 10 டிகிரி என்பார்கள். அதற்குக் கீழே நீர் மட்டும் போய்விடும், படலம் சேராது. பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும். ஒரு மாதம் கழித்துக் கையால் தேய்த்தால் மாவாக வரும்.

அடுத்தது பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம். மனக்கணக்கு இது: 100-லிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, வருவதை ஐந்தால் வகுத்து, அறை வெப்பத்திலிருந்து கழியுங்கள். அறை 16 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால் 20-ஐ ஐந்தால் வகுத்தால் 4. பனிப்புள்ளி சுமார் 12. சுவரின் வெப்பம் இதைவிட 3 டிகிரியாவது கூட, அதாவது 15 இருக்க வேண்டும். காலை 8 மணிக்குச் சுவர் 11 டிகிரி காட்டும். கைக்குத் தெரியாத நீர்ப்படலம் அப்போது அதன்மேல் இருக்கும். அதன்மேல் அடித்ததுதான் பின்னால் உரியும். சென்னைச் சுவருக்கு, ஏசி அறையைத் தவிர, இந்தக் கவலை வருவதில்லை. அதனால்தான் இங்கத்திய கைகளுக்கு இது பழக்கமில்லை.

நடைமுறையில் நேரம் இப்படி: காலை 10 வரை உப்புத்தாள், டேப் ஒட்டுதல் போன்ற காய்ந்த வேலை. பத்தரை முதல் ஒன்றரை வரை அடிக்கும் வேலை. இரண்டு மணிக்கு மேல் புதுக் கோட் தொடங்காதீர்கள். மூன்றிலிருந்து நாலுக்குள் மூடுபனி ஏறத் தொடங்கும். அதற்கு முன் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுங்கள். காற்றோட்டம் நல்லதுதானே என்று இரவெல்லாம் திறந்துவைத்தால் மேகத்தையே அறைக்குள் விருந்துக்கு அழைத்ததாகும்.

சூடு வேண்டுமானால் எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் நல்லது. 2,000 வாட் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள். திறந்து எரியும் கேஸ் ஹீட்டர் வேண்டாம்; ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி அறைக்குள் சேரும். காயவைக்கப் போய் நனைத்ததாக முடியும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைப்பது பெயிண்டுக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் கொல்லும். வேலையாட்கள் இரவு தங்கும் அறையிலும் இதைத் தடுத்துச் சொல்லுங்கள்.

7. பட்டி, பிரைமர்

பட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் பிசையுங்கள். சில்லென்ற தண்ணீரில் கட்டி தட்டும். இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பள்ளம் பெரிதென்றால் முதலில் சிமென்ட் காரையால் நிரப்புங்கள். பட்டியை ஏற்றி ஏற்றி நிரப்பினால் உள்ளே ஈரம் நின்று வெடிக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஒரு முழு நாள். தூளை ஈரத்துணியால் துடைத்தால் அது காயவும் நேரம் கொடுங்கள்.

பிரைமர் ஒரு கோட், 24 மணி நேரம். வெயில் விழும் சுவரில் நாலு மணி நேரத்தில் காய்ந்தது போலத் தெரியும். வடக்குச் சுவர் அப்போது காய்ந்திருக்காது. வீட்டிலேயே மெதுவாகக் காயும் சுவர் எதுவோ அதுதான் கணக்கு.

8. எமல்ஷன்

குளிரில் பெயிண்ட் கூழாகத் தடிக்கும். உடனே தண்ணீரைக் கூட்டத் தோன்றும். அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஊற்றிய தண்ணீர் முழுக்க அந்த ஈரக் காற்றில்தான் வெளியேற வேண்டும். டப்பாவை முந்தைய இரவே சூடான அறையில் வைத்திருந்தால் தானே இளகும். டப்பாவில் போட்ட அளவுக்குமேல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

மேல்தளம் முதலில், சுவர் பிறகு. ஒரு சுவரைத் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் டீ. மார்ச் மதியம் வெயில் அடிக்கும் சுவர் மட்டும் விதிவிலக்காகச் சட்டென்று இழுக்கும். நடுவில் நிறுத்தினால் ரோலர் தடம் நிற்கும். திரையைப் போட்டு நிழலாக்கி அடியுங்கள். நாளுக்கு ஒரு கோட் மட்டும். மறைப்பு டேப்பை இரவு முழுக்க விடாமல், பெயிண்ட் லேசாக இறுகும்போதே உரித்துவிடுங்கள். ஈரத்தில் ஊறினால் பசை சட்டத்திலேயே தங்கும்.

9. கதவு, ஜன்னல்

எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவது. குளிரில் அதுவும் சோம்பும். கோட்டுக்கு இரண்டு நாள் விடுங்கள். கதவின் மேல், கீழ் விளிம்பை யாரும் அடிப்பதில்லை. மரம் தண்ணீர் குடித்து உப்புவது அந்த வழியாகத்தான். கதவைக் கழற்றி ஆறு பக்கமும் அடியுங்கள். முழுக்க இறுகும்முன் சாத்தினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், முதல் வாரம் இரவில் நடுவே துண்டுக் காகிதம் வையுங்கள்.

10. கெட்டுப்போனால் அடையாளம்

புதுச் சுவரில் பிசுபிசுப்பான பழுப்பு வழிசல், குறிப்பாகக் குளியலறையில்: பெயிண்டிலுள்ள சோப்புத்தன்மைப் பொருள் ஈரத்தில் மேலே வந்திருக்கிறது. பயந்து இன்னொரு கோட் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள், இரண்டு மூன்று முறையில் நின்றுவிடும்.

உரிந்த தகட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பட்டி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் கோளாறு சுவரிலோ பட்டியிலோ. பெயிண்ட் மட்டும் வந்திருந்தால் தூசி அல்லது அடித்த நேரத்து ஈரம். முதலாவதற்கு இரண்டாம் பகுதிக்கே திரும்ப வேண்டும். இரண்டாவதை உப்புத்தாள், பிரைமரோடு சரிசெய்யலாம்.

மீந்த பெயிண்டை வெளிக் கொட்டகையில் வைக்காதீர்கள். உறைபனியில் எமல்ஷன் தயிர் மாதிரி திரியும், எவ்வளவு கலக்கினாலும் சேராது. வீட்டுக்குள், தரையில் படாமல் பலகைமேல் வைத்து, எந்த அறை, எந்த நிற எண், எந்தத் தேதி என்று மூடியில் எழுதிவிடுங்கள். சாவியைக் காவல்காரரிடம் கொடுக்கும்போது வாரத்துக்கு இருமுறை, காலை 11 முதல் 2 வரை ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள், மழைநாளில் வேண்டாம்.